சினிமா கேமராவின் ஃபர்ம்வேரை எப்போது, எந்த வரிசையில் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

டிஜிட்டல் சினிமா கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, கேமரா நிறுவனங்கள் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றன. படப்பிடிப்புக்கோ நேற்று வேலை செய்த கேமரா இன்றும் அப்படியே வேலை செய்ய வேண்டும். கோப்பை நிறுவுவது பெரும்பாலும் சில நிமிட வேலைதான் என்பதால், புதியவர்கள் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை தலைகீழாகிப் போவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. கேமரா உதவியாளர், டிஐடி (படப்பிடிப்புத் தளத்தில் டிஜிட்டல் கோப்புகளைக் கவனிப்பவர்), சொந்தமாகக் கேமரா வைத்திருக்கும் ஒளிப்பதிவாளர் ஆகியோர் அப்படியே பின்பற்றக்கூடிய வரிசை கீழே உள்ளது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கேமராவில் இப்போது இருக்கும் பதிப்பின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். ஆரி தன் வெளியீடுகளை எஸ்யுபி என்றும், ரெட் பில்ட் என்றும் அழைத்தாலும், எண்ணின் முதற்பகுதி பெரிய மாற்றத்தையும் பிற்பகுதி சிறு திருத்தத்தையும் காட்டுவது பொது வழக்கம். முதல் எண் மாறினால் சோதனைக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

இப்போதுள்ள அதே பதிப்பின் நிறுவல் கோப்பையும் தேடி எடுத்து உங்கள் வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக வேண்டிய அவசரம் நேரும்போது அந்தக் கோப்பு நிறுவனத்தின் தளத்தில் இன்னும் இருக்கும் என்று நம்பியிருப்பது சரியல்ல.

இவற்றோடு மின்சார அடாப்டர், நிறுவலுக்கான கார்டு அல்லது யுஎஸ்பி, படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே மாடல் ரெகார்டிங் கார்டு, சாம்பல் அட்டை, வண்ண அட்டை, மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) மூடி, கேமராவுடன் இணையப்போகும் துணைக்கருவிகள் எல்லாம் ஒரே மேசையில் இருக்க வேண்டும். துணைக்கருவிகள் இல்லாமல் உடலை மட்டும் புதுப்பித்து, உடலை மட்டும் சோதித்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போவது அடிக்கடி நடக்கிறது. கேமரா தன்னளவில் சரியாக இருந்து, ஃபாலோ ஃபோகஸ் (லென்ஸின் ஃபோகஸைத் திருப்பும் கருவி) மட்டும் அதோடு பேச மறுப்பதை அந்தச் சோதனை காட்டாது.

2. காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

எதற்காகப் புதுப்பிக்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால், இப்போதைக்குப் புதுப்பிக்க வேண்டாம். ‘புதியது வந்துவிட்டது’ என்பது காரணமாகாது.

ஏற்கத்தக்க காரணங்கள் மூன்று வகைப்படும். உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு பிழை தீர்க்கப்பட்டிருப்பது முதல் வகை. நீங்கள் வாங்கிய கார்டையோ லென்ஸையோ பழைய பதிப்பு அடையாளம் காணாமல் இருப்பது இரண்டாம் வகை. அடுத்த படத்துக்கு உண்மையாகவே தேவைப்படும் ஒரு வசதி புதிய பதிப்பில் மட்டும் இருப்பது மூன்றாம் வகை. மூன்றாவதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சோனி வெனிஸ் கேமராவுக்கு 2500 என்ற இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 2018இல் வந்த 2.0 பதிப்பின் மூலமே கிடைத்தது. கேனான் சி70 கேமராவில் ரா (சென்சாரின் தரவை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதிவு 2022இல் ஃபர்ம்வேர் வழியாகத்தான் சேர்ந்தது. இரவுக் காட்சிகள் நிறைந்த படத்துக்கு வெனிஸை எடுத்துச் செல்பவர் அந்தப் புதுப்பிப்பைத் தவிர்த்திருந்தால், கேமராவின் பாதித் திறனைப் பெட்டியிலேயே விட்டுச் சென்றவராவார்.

புதுப்பிப்பு எப்போதும் கூட்டிக் கொடுக்கும் என்று எண்ணவும் வேண்டாம். பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கேக்கு 2019இல் வந்த 6.2 பதிப்பு பிளாக்மேஜிக் ரா பதிவைத் தந்தது. கூடவே அதுவரை இருந்த சினிமா டிஎன்ஜி என்ற இன்னொரு ரா வகைப் பதிவை நீக்கியும்விட்டது. சினிமா டிஎன்ஜியை நம்பி வேலைமுறையை அமைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது செய்தியே முக்கியமானது. ஆகவே, எழுதிய காரணத்துக்குக் கீழே ‘எது போகும்?’ என்று இன்னொரு வரிக்கும் இடம் விடுங்கள். அதை அடுத்த படியில் நிரப்பலாம்.

3. வெளியீட்டுக் குறிப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

வெளியீட்டுக் குறிப்பின் முதற்பகுதி புதிய வசதிகளைச் சொல்லும். அறியப்பட்ட குறைகள், கட்டுப்பாடுகள், பின்னோக்கிப் போக முடியுமா என்ற தகவல் ஆகியவை பெரும்பாலும் இறுதியில் இருக்கும். உங்கள் முடிவைத் தீர்மானிப்பவை அவைதான் என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

நீங்கள் இருக்கும் பதிப்புக்கும் போகப்போகும் பதிப்புக்கும் இடையே வேறு வெளியீடுகள் இருந்தால், அவை ஒவ்வொன்றின் குறிப்பையும் படிக்க வேண்டும். நீக்கப்பட்ட ஒரு வசதி இடைப்பட்ட குறிப்பொன்றில் ஒரே முறை சொல்லப்பட்டு, பிறகு எங்குமே சொல்லப்படாமல் போகலாம். சில கேமராக்களில் மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை நிறுவியாக வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கேதான் இருக்கும்.

பின்னோக்கிப் போக முடியாது என்று குறிப்பு சொன்னால், அல்லது அதைப் பற்றி எதுவுமே சொல்லாவிட்டால், அந்தப் புதுப்பிப்பைத் திரும்ப முடியாத மாற்றமாகவே கருதுங்கள். முன்னோட்டப் பதிப்பு, அதாவது பீட்டா, என்று வெளியிடப்படுவதைப் பணம் வாங்கிச் செய்யும் வேலைக்கான கேமராவில் நிறுவக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு வழியே இல்லாத வசதி ஒன்று அதில் இருந்தால், அந்த ஆபத்தை ஒளிப்பதிவாளரும் தயாரிப்பு நிர்வாகமும் அறிந்து ஏற்க வேண்டும். உதவியாளர் தனியாகத் தோளில் சுமக்க வேண்டியதில்லை.

4. கேமராவைத் தொடுமுன் போஸ்ட்டை (படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைச் செய்யும் குழுவை) கேளுங்கள்

புதிய பதிப்பு எழுதும் கோப்பை எடிட்டிங், கலர் கிரேடிங், டேட்டா நகலெடுப்பு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் திறக்க வேண்டும். ரெட்டின் ஆர்3டி, பிளாக்மேஜிக் ரா போன்ற கோப்புகளை மற்ற மென்பொருள்கள் திறப்பது அந்தந்த நிறுவனம் தரும் எஸ்டிகே (மென்பொருள் உருவாக்கத் தொகுப்பு) வழியாகத்தான். கேமரா இன்று புதுப்பிக்கப்படலாம். அதற்கேற்ற எஸ்டிகே சேர்ந்த எடிட்டிங் மென்பொருள் பிறகு வரலாம். அது வந்த பின்னும், நடுவில் ஒரு படத்தை வைத்திருக்கும் எடிட்டிங் அறை தன் மென்பொருளை உடனே மாற்றச் சம்மதிக்காது. அவர்களும் நிலைத்தன்மையையே காக்கிறார்கள்.

எனவே வரிசை இதுதான்: முதலில் போஸ்ட் என்ன பதிப்பில் இருக்கிறது என்று கேளுங்கள், அது புதிய கோப்பைத் திறக்குமா என்று பாருங்கள், திறக்காவிட்டால் அவர்கள் மாறும் வரை காத்திருங்கள், கேமராவைக் கடைசியாக மாற்றுங்கள்.

கோப்பு திறந்தால் மட்டும் போதாது, நிறமும் பொருந்த வேண்டும். பிளாக்மேஜிக் 2021இல் பாக்கெட் 4கே, 6கே கேமராக்களுக்கு ஐந்தாம் தலைமுறை வண்ண அறிவியலை ஃபர்ம்வேர் மூலம் கொடுத்தபோது, நான்காம் தலைமுறைக்காகத் தயாரித்த லட் (நிறத்தை மாற்றிக் காட்டும் அட்டவணை) கோப்புகளைப் புதிய படத்தின் மேல் போட்டவர்களுக்கு நிறமும் மாறுபாடும் பிசகின. இத்தகைய மாற்றம் குறிப்பில் தென்பட்டால், கலரிஸ்டிடம் புதிய லட் வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

5. நாளைத் தேர்ந்தெடுங்கள்

படப்பிடிப்பின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஃபர்ம்வேர் மாறக் கூடாது. ஒரே காட்சியின் இரண்டு பகுதிகள் இரண்டு பதிப்புகளில் பதிவானால், பிறகு தோன்றும் எந்த வேறுபாட்டுக்கும் காரணம் தேடுவது கடினமாகிவிடும்.

கேமரா டெஸ்ட் எடுக்கும் நாளுக்கு முன்பே நிறுவலையும் அதன் சோதனைகளையும் முடித்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் லென்ஸையும் லட்டையும் முடிவுசெய்யும் அந்த டெஸ்ட், இறுதியில் படத்தில் ஓடப்போகும் பதிப்பிலேயே நடக்க வேண்டும். டெஸ்ட் முடிந்த பிறகு பதிப்பை மாற்றினால், அந்த டெஸ்ட் வேறொரு கேமராவில் எடுத்ததற்குச் சமம்.

6. நிறுவும் முன் ‘முன் பதிவு’ ஒன்றை எடுத்துவையுங்கள்

இந்தப் படியைத்தான் ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அதை ஈடுசெய்யவும் முடியாது. நிறுவிய பின் நிழற்பகுதியில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிச் சிதறல்) கூடியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், எதனோடு ஒப்பிடுவது?

பழைய பதிப்பிலேயே மூன்று துணுக்குகளைப் பதிவுசெய்யுங்கள். ஒன்று, நிலையான ஒளியில் சாம்பல் அட்டையும் வண்ண அட்டையும். இரண்டு, மவுண்ட்டை மூடிவைத்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐஎஸ்ஓவில் ஒரு நிமிடக் கருமை. மூன்று, ஆழ்ந்த நிழலும் கூரிய ஒளியும் சேர்ந்த ஒரு காட்சி. கேமரா அரை மணி நேரமாவது ஓடிச் சூடான பிறகு எடுப்பது முக்கியம். சென்சாரின் வெப்பநிலை மாறினால் நாய்ஸும் மாறும். லென்ஸ், அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமன், விளக்கின் தூரம் எல்லாவற்றையும் எழுதிவைத்து, அமைப்பைக் கலைக்காமல் விடுங்கள்.

அதன் பிறகு கேமராவின் மெனு அமைப்புகளைச் சேமியுங்கள். கேமராவே தரும் அமைப்புக் கோப்பை வெளியே எடுப்பதுடன், மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்பேசியில் படம் பிடித்துவையுங்கள். பழைய பதிப்பில் சேமித்த அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பு ஏற்காமல் போகலாம். அரைகுறையாக ஏற்றுக்கொண்டால் அது இன்னும் மோசம். உரிமத்தின் பேரில் திறந்த வசதிகள் இருந்தால், அந்த உரிமக் கோப்புகளையும் தனியே பாதுகாக்க வேண்டும். கார்டுகளில் உள்ள காட்சிகள் எல்லாவற்றையும் நகலெடுத்துச் சரிபார்த்துவிட்டதை உறுதிசெய்யுங்கள்.

7. நிறுவல்

கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அவர்கள் எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால், இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பிளாக்மேஜிக் கேமராக்களைக் கணினியுடன் யுஎஸ்பி கம்பியால் இணைத்துப் புதுப்பிக்கிறோம். பல நிறுவனங்கள் கார்டையோ யுஎஸ்பியையோ கேட்கின்றன. கார்டு வழி செய்யும்போது ‘கேமராவுக்குக் கோப்பு தெரியவில்லை’ என்ற புகாருக்குக் காரணங்கள் பெரும்பாலும் கேமராவுக்கு வெளியேதான் இருக்கும். இரண்டாம் முறை இறக்கியதால் கோப்புப் பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் சேர்ந்திருக்கும். சுருக்கப்பட்ட கோப்பை விரிக்காமலே நகலெடுத்திருப்பார்கள். அல்லது விரித்தபோது உருவான கூடுதல் கோப்புறையோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள். மேக் கணினி கார்டில் எழுதிவிடும் மறை கோப்புகளும் சில கேமராக்களைக் குழப்பும். கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருக்க, கேமரா ஃபேட்32ஐ எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். இவற்றையெல்லாம் தவிர்க்கச் சுருக்கமான வழி, அந்தக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, கேமரா உருவாக்கும் கோப்புறைகளைக் கலைக்காமல், குறிப்பு சொல்லும் இடத்தில் அந்த ஒரு கோப்பை மட்டும் வைப்பது.

மின்சாரம் நடுவில் நின்றால் கேமரா பழுதுபார்ப்பு மையத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். ஆகவே அடாப்டரில் ஓட்டுங்கள். உங்கள் கேமரா இரண்டு மின்மூலங்களை ஒரே நேரத்தில் ஏற்குமானால் நிறைந்த பேட்டரியையும் மாட்டிவையுங்கள். துணைக்கருவிகளைக் கழற்றிவிடுங்கள். நிறுவும்போது திரை இருண்டு, நீண்ட நேரம் எதுவும் நடக்காதது போலத் தோன்றலாம். பதற்றத்தில் ஸ்விட்சை அணைப்பவர்கள்தான் கேமராவைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை முறை தானாக அணைந்து எழும் என்பதை முன்பே குறிப்பில் படித்துவைத்திருந்தால் இந்தப் பதற்றம் வராது.

8. அமைப்புகளைக் கையால் இடுங்கள், சென்சாரைச் சீர்செய்யுங்கள்

பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, படம்பிடித்துவைத்த மெனுப் பக்கங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் இடுவதையே பரிந்துரைக்கிறேன். நேரம் பிடிக்கும். ஆனால் பழைய கோப்பிலிருந்து எந்த மதிப்பு தவறாக ஏறியது என்று பிறகு தேடுவதற்கு இதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இரண்டு மதிப்புகளை மட்டும் இருவர் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, ஃபிரேம் வேகம். 23.976இல் ஓட வேண்டிய புராஜெக்ட் 24க்கு மாறியிருந்தால், திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஒலியோடு சேர்க்கும்போது ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி வீதம் விலகல் சேரும். மற்றொன்று, கேமரா எழுத்து. பி கேமரா தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியதும் ஏ என்று மாறிவிட்டால், இரண்டு கேமராக்களும் ஏ001 என்று தொடங்கும் ரீல்களை எழுதத் தொடங்கும்; ஒரே பெயரில் இரண்டு கிளிப்கள் இருப்பது எடிட்டிங்கில்தான் வெளிப்படும்.

பிறகு கேமராவைச் சூடாக்கி, மவுண்ட்டை மூடி, சென்சாரைச் சீர்செய்யுங்கள். ரெட்டில் இது பிளாக் ஷேடிங் என்றும், கேனானில் ஏபிபி என்றும், சோனியில் ஏபிஆர் என்றும் வழங்கும். மூன்றும் செய்யும் வேலை ஒன்றேயல்ல என்றாலும், கருமையையும் பழுதுபட்ட பிக்ஸல்களையும் கவனிக்கும் படிகள் இவை. இதைச் செய்யாமல் எடுத்த ஒப்பீட்டை வைத்துப் புதிய பதிப்பைக் குறைசொல்வதில் பொருளில்லை.

9. சோதனை

இங்கே அவசரப்படுபவர்கள் முன்பு காட்டிய கவனம் அத்தனையையும் வீணடிக்கிறார்கள். பத்து விநாடி ஓட்டி, பிளேபேக் பார்த்து, ‘ஓகே’ சொல்வது சோதனையாகாது. ஒரு மணி நேரப் பதிவில் 24 வேகத்தில் 86,400 ஃபிரேம்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த டேக் வீணாகலாம்.

முதலில் ஒப்பீடு. கலைக்காமல் வைத்த அமைப்பில் அதே மூன்று துணுக்குகளையும் மறுபடி எடுத்து, கிரேடிங் மென்பொருளில் பக்கத்தில் பக்கமாக வைத்து, வேவ்ஃபார்மில் (ஒளியளவைக் காட்டும் வரைபடத்தில்) பாருங்கள். கேமராவின் திரையை நம்ப வேண்டாம். புதிய பதிப்பு திரையின் காட்சிமுறையையே மாற்றியிருக்கலாம்.

அடுத்து, நீண்ட பதிவு. படப்பிடிப்பில் பயன்படுத்தும் கோடெக் (கோப்பைச் சுருக்கும் முறை), ரெசல்யூஷன், வேகம் ஆகியவற்றிலேயே ஒரு கார்டை முழுவதுமாக நிரப்புங்கள். பின்னர் நீங்கள் எட்டக்கூடிய அதிகபட்ச வேகத்தில் இன்னொரு கார்டை நிரப்புங்கள். மின்விசிறி படப்பிடிப்பின்போது எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். கார்டு நிறுவனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பதிப்பில் ஓடியது என்பதற்காகப் புதிய பதிப்பிலும் பட்டியலில் இருக்கும் என்று கொள்ள முடியாது.

மூன்றாவதாக, பதிவு ஒழுங்காக முடிகிறதா என்ற சோதனை. பேட்டரி தீரும் வரை ஓடவிட்டு, கேமரா அணையும்போது கடைசி கிளிப் திறக்கக்கூடியதாக மூடப்படுகிறதா என்று பாருங்கள். கார்டு நிறையும் கணத்தில் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். முக்கியமான காட்சி எதுவும் இல்லாத கார்டில்தான் இதைச் செய்ய வேண்டும்.

நான்காவதாக, துணைக்கருவிகள். எல்லாவற்றையும் மாட்டிக் கேமராவைப் பலமுறை அணைத்து எழுப்புங்கள். பல கோளாறுகள் முதல் தொடக்கத்தில் தெரியாமல் அடுத்தடுத்த தொடக்கங்களில் தெரியும். எஸ்டிஐ (மானிட்டருக்குப் படத்தை அனுப்பும் கம்பி இணைப்பு) வெளியீடு தானாக 4கேக்கு மாறி, எச்டி மட்டும் ஏற்கும் மானிட்டரைக் கருமையாக்கியிருக்கலாம். ஃபாலோ ஃபோகஸிலிருந்து ரெகார்டைத் தொடங்கி நிறுத்துங்கள். குக் ஐ, எல்டிஎஸ் போன்ற முறைகளில் லென்ஸ் அனுப்பும் தகவல் கோப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள். டைம்கோடு பெட்டியை (கேமராவையும் ஒலிப்பதிவையும் ஒரே நேரக்குறியில் வைக்கும் கருவியை) இணைத்து, ஸ்லேட்டோடு சில மணி நேர இடைவெளியில் இரண்டு டேக் எடுத்து விலகலைக் கணக்கிடுங்கள். எல்இடி திரைக்கு முன் படமெடுக்கப்போகிறீர்கள் என்றால் ஜென்லாக்கையும் (திரையும் கேமராவும் ஒரே தாளத்தில் ஓடும் இணைப்பையும்) அங்கேயே, அந்தத் திரையோடே சோதிக்க வேண்டும். துணைக்கருவிக்கும் சொந்த ஃபர்ம்வேர் உண்டு என்பதால், அது பேசாவிட்டால் கேமராவைக் குற்றம் சொல்லுமுன் அதன் பதிப்பையும் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்றை மாற்றிச் சோதித்த பிறகே மற்றதை மாற்றினால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

கடைசியாக, இந்தச் சோதனைக் காட்சிகளை உண்மையான படத்தைப் போலவே முழுப் பாதையிலும் அனுப்புங்கள்: எக்ஸ்எக்ஸ்ஹாஷ் அல்லது எம்டி5 சரிபார்ப்போடு நகலெடுப்பு, டெய்லிஸ் (அன்றாடம் பார்ப்பதற்கான காட்சி நகல்கள்), எடிட்டிங், கிரேடிங், விஎஃப்எக்ஸுக்கான கோப்பு. நகலெடுப்பின் சரிபார்ப்பு எண் பொருந்துவது, நகல் மூலத்தைப் போலவே இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். கேமரா எழுதிய மூலமே பழுதாக இருந்தால் அந்தப் பழுதும் துல்லியமாக நகலாகும். ஆகவே முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை ஒரு கிளிப்பையாவது மென்பொருள் முழுவதும் வாசித்து முடிக்க வேண்டும்.

10. இரண்டாம் கேமராவும் வாடகைக் கேமராவும்

ஒரே மாடலில் பல கேமராக்கள் இருந்தால், ஒன்றை மட்டும் புதுப்பித்து மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் முடியுங்கள். அது தேறிய பிறகு மற்றவற்றை மாற்றுங்கள். படப்பிடிப்பு தொடங்கும்போது எல்லாம் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது கேமராவின் மாடலோடு ஃபர்ம்வேர் எண்ணையும் ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். நடுவில் பழுதாகி மாற்றுக் கேமரா வந்தால், அவசரத்தில் யாரும் பார்க்காத முதல் விஷயம் இந்த எண்தான். வாடகைக் கேமராவை நீங்களாகப் புதுப்பிக்க வேண்டாம், உரிமையாளரைக் கேளுங்கள்.

11. படப்பிடிப்பின் நடுவில் கோளாறு வந்தால்

கேமரா நடுவில் உறைந்துபோகிறது, புதிய பதிப்பில் அது தீர்க்கப்பட்டிருப்பதாகக் குறிப்பு சொல்கிறது என்றால், முதலில் கோளாறை வேண்டுமென்றே மீண்டும் வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். எந்த வேகம், எந்தக் கார்டு, எந்தத் துணைக்கருவி என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். கார்டையோ கம்பியையோ மாற்றினாலே கோளாறு நிற்பது பல நேரங்களில் நடக்கும். கேமராவின் பதிவேட்டுக் கோப்பை (லாக்) எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நிறுவிய பிறகு அது அழிந்துபோகலாம்.

சுற்றுவழி ஒன்று இருந்தால், எவ்வளவு அசௌகரியமாக இருந்தாலும், அதோடு படப்பிடிப்பை முடிப்பதே மேல். சுற்றுவழி இல்லாமல், கோளாறால் காட்சிகளே கெடும் என்றால் மட்டும் மாற்றுங்கள். அப்போது விடுமுறை நாளைப் பயன்படுத்துங்கள். எல்லாக் கேமராக்களையும் சேர்த்து மாற்றுங்கள். 6ஆம் படியில் சொன்ன முன் பதிவையும், 9ஆம் படியில் ஒப்பீட்டையும் நீண்ட பதிவையும் துணைக்கருவிச் சோதனையையும் விடாமல் செய்யுங்கள். எந்த ரீல் எண்ணிலிருந்து புதிய பதிப்பு தொடங்குகிறது என்பதைக் கேமரா அறிக்கையில் எழுதி, டிஐடிக்கும் எடிட்டிங் அறைக்கும் கலரிஸ்டுக்கும் அன்றே எழுத்தில் அனுப்புங்கள்.